பழசு தீராமல் புதுசைப் பிரிக்கக் கூடாதா?

தண்டையார்பேட்டையில் மாமியார், கணவர், பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். எந்தப் பொருளானாலும் "பழசு தீரட்டும், அப்புறம் புதுசைப் பிரிக்கலாம்" என்பது மாமியார் கட்டளை. ஆனால் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே அதன் மேலேயே புதுசைக் கொட்டியும் விடுகிறார். கணவர் ஆஃபர் பார்த்து வாங்கி வந்து பரணில் அடுக்குகிறார். அரிசியில் வண்டு, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, பாத்ரூமில் பாதி பாதியாக ஷாம்பு பாட்டில்கள். இந்தப் பழக்கம் சரியா, தவறா, மாமியார் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, தவறு என்று தீர்ப்புச் சொன்னால் வீட்டில் ஒருவர் ஜெயிப்பார், வண்டு அப்படியேதான் இருக்கும். எதை நம்பித் தீர்க்கலாம், எதைத் தீர்க்கப் பார்ப்பதே ஆபத்து, பழசு உண்மையிலேயே தீருகிற மாதிரி வீட்டை எப்படி அமைப்பது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. உணவுப் பொருள் சேமிப்பும் சரக்கு நிர்வாகமும் என் படிப்பும் வேலையும். அதனால் மளிகை பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்கிறேன். மருந்து பற்றிச் சொல்வது பொது விதி மட்டும். உங்கள் பாட்டிலின் லேபிளும் மருந்துக் கடைக்காரரும் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

கிடங்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடமே உங்கள் மாமியார் சொல்வதுதான்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். அதனால் அடிப்படையில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பாடத்தோடு இன்னும் இரண்டு விதி சேர்ந்தே வரும். வந்த தேதியைவிடக் கெடும் தேதி முக்கியம் என்பது ஒன்று. நேற்று வாங்கிய பாக்கெட்டுக்கு அடுத்த மாதமே எக்ஸ்பைரி, போன மாதம் வாங்கியதற்கு இன்னும் 6 மாதம் இருக்கிறது என்றால் நேற்று வாங்கியதுதான் முதலில் அடுப்புக்குப் போக வேண்டும். பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கைக் கொட்டக் கூடாது என்பது இன்னொன்று. மேலே கொட்டி மேலேயே அள்ளினால் அடியில் கிடப்பது ஒருநாளும் வெளியே வராது. பழசை முதலில் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிற வீட்டில்தான் டப்பாவின் அடியில் போன தீபாவளிக்கு வாங்கியது கிடக்கிறது. உங்கள் வீட்டுச் சிக்கலில் பெரும்பகுதி இந்த ஒரு செய்கையில் இருக்கிறது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையும் சரியாகப் படிக்க வேண்டும். 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை மணமும் சுவையும் முழுதாக இருக்கும் என்று பொருள். தேதி தாண்டிய அன்றே பொருள் விஷமாகிவிடாது. இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டை, சொன்னபடி வைத்திருந்தால் மட்டும் செல்லும். கத்தரிக்கோல் பட்ட நிமிஷத்திலிருந்து வேறு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. கடலோரமாக இருக்கும் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் அந்தக் கணக்கு வேகமாகவே ஓடும். காற்றில் ஈரம் அதிகம், உப்புத்தூள் டப்பாவிலேயே நீர் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். அதனால் பிரித்த தேதியை எழுதி வைப்பதுதான் நான் முதலில் சொல்லும் வேலை. 1 மார்க்கர் பேனா, 1 சுருள் வெள்ளை மெடிக்கல் டேப் போதும். டப்பாவின் மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிவிடும். டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள்.

இப்போது அரிசி. அரிசி வண்டு அரிசி மணியில் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல அரிசி மாதிரியே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை வண்டாகி வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ரேஷன் அரிசியும் மாதாமாதம்தான் வருகிறது. போன மாத அரிசி டிரம்மில் கால்வாசி இருக்கும்போது இந்த மாதத்தை அதன் மேல் கொட்டினால், சரியாக வெளியே வருகிற வண்டுகளுக்குப் புது அரிசியை இலையில் பரிமாறுகிற கதைதான். இரண்டு டிரம் வையுங்கள். ஒன்று காலியாகும்வரை இன்னொன்று மூடியே இருக்கட்டும். இடம் இல்லையென்றால் மீதியைச் சின்ன டப்பாவுக்கு மாற்றிவிட்டு, டிரம்மைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு புதுசைக் கொட்டுங்கள். கழுவும்போது கழுத்துப் பகுதியையும் மூடியின் உள்வளையத்தையும் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அரிசித் தூசு தங்குவது அங்கேதான், வண்டு ஒதுங்குவதும் அங்கேதான். கடையிலிருந்தே வண்டோடு வருகிற மூட்டையும் உண்டு. அதனால் புது அரிசியை ஒரு வாரம் தனியே வைத்து, கைவிட்டுக் கிளறிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் கொண்டு வருவது நல்லது.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், கிராம்பு போடுவது பற்றி ஒரு வார்த்தை. அரிசிக்கு உள்ளே இருக்கும் முட்டையை இவை எதுவும் கொல்லாது. வெளியே திரியும் வண்டை ஓரளவு விரட்டலாம், அவ்வளவுதான். அதிலும் பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழி. நிழலில் நொறுங்கக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். போரிக் பவுடரைச் சாப்பிடுகிற அரிசியில் கலப்பது கூடவே கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். வண்டு விழுந்த அரிசியைச் சலித்து, வெயிலில் பரப்பி, வண்டு ஓடியபின் கழுவிச் சமைக்கலாம். சொத்தை மணிகள் கழுவும்போது மிதந்து போய்விடும். அரிசி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, பூசணம் பூத்த வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். இதில் மாமியாருக்கு ஒரு பாயிண்ட் உண்டு. பழைய அரிசி கெட்டதில்லை. நன்றாகக் காய்ந்து மூத்த அரிசி தண்ணீரை நிறைய இழுத்து, குழையாமல் உதிரியாக வேகும். புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைக்காவிட்டால் குழையும். புளியும் அப்படித்தான், நிறம் கறுக்கும், கெடாது. கொட்டை எடுத்து, கல்லுப்பு சேர்த்து, ஜாடியில் அழுத்தி வைத்த புளியை அவசரமாகத் தீர்க்க வேண்டியதே இல்லை.

பருப்பில் கதை வேறு. சூடும் ஈரமுமான இடத்தில் மாதக் கணக்கில் கிடந்த பருப்பு, கடினப்பட்டு வேக மறுக்கும். உங்கள் துவரம்பருப்புக்கு 4 விசிலுக்குப் பதில் 7 விசில் தேவைப்படுவது அதனால்தான், குக்கர் மேல் குற்றமில்லை. பழையதும் புதியதும் கலந்துவிட்டால் பாதி குழைந்து பாதி கல்லாக நிற்கும், எந்த விசிலும் இரண்டுக்கும் பொருந்தாது. பழைய பருப்பைத் தனியாக வைத்து, 1 மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து வேகவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊறவைத்து அரைத்து அடை, வடை, பருப்பு உருண்டைக் குழம்பு என்று செலவழிக்கலாம். பச்சைப் பயறு, காராமணி, கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகளைப் பயறு வண்டு தாக்கும். பயறின் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. வட்ட ஓட்டை தெரிந்தால் வண்டு வெளியே வந்தாகிவிட்டது. உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு. முழுப் பயறு ஒரு கிலோவுக்கு 1 டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கிற பழைய வழக்கத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டு. எண்ணெய்ப் பூச்சில் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் பொரிப்பது குறைவு. ஃப்ரீசர் வசதி இருந்தால் வாங்கியவுடன் பாக்கெட்டோடு 4 நாள் உறையவைத்து எடுத்தாலும் முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோக்கும்.

மிளகாய்த்தூளுக்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் குழம்புக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் போனால் மாதம் 450 கிராம், வருஷத்துக்கு ஐந்தரை கிலோ. கோடையில் ஒரே மூச்சில் 6 கிலோ காயவைத்து மிஷினில் அரைக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. கடைசி 4 மாதத் தூள் மழைக்காலத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது, நிறமும் மணமும் போய்விடுகிறது. மாசியில் பாதி, ஆடியில் பாதி என்று இரண்டு தடவையாக அரைத்தால் எந்தத் தூளும் 7 மாதத்தைத் தாண்டாது. அரைத்த சூட்டோடு மூடாமல், பரப்பி ஆறவைத்து, காற்று இடைவெளி இல்லாமல் கழுத்துவரை அழுத்தி அடையுங்கள். தினமும் எடுக்க 2 வாரத்துக்கான சின்ன டப்பா தனி. பெரிய டப்பா மாதம் இரண்டு தடவைக்கு மேல் திறக்கப்படக் கூடாது. ஈரக் கரண்டி ஒருமுறை போனால் போதும், கட்டி தட்டும். கட்டியில் பச்சையாகவோ கருப்பாகவோ பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைத் தீர்க்கக் கூடாது. மிளகாய், வேர்க்கடலை, மக்காச்சோளம் இவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலைப் பாதித்துப் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு அது. கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூசணம் கண்ட எல்லாத் தூளிலும் நஞ்சு இருக்கும் என்று சொல்ல முடியாது, இல்லை என்று கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது. அதனால்தான் மொத்தமும் போக வேண்டும். கசக்கிற வேர்க்கடலையும் இதே பட்டியல்.

எண்ணெய். சன்ஃபிளவர் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ரேஷன் பாமாயில் அவ்வளவு சீக்கிரம் சிக்காது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் பொருள்கள் அதைக் காப்பாற்றும். ஆக மூன்றும் பிரித்துக் கிடந்தால் முதலில் தீர்க்க வேண்டியது சன்ஃபிளவர். அடுப்புப் பக்கத்து ஸ்லாபில் எண்ணெய் டப்பாவை வைக்காதீர்கள், சூடே அதைக் கெடுக்கும். பஜ்ஜி, வடை சுட்ட எண்ணெயை நல்ல எண்ணெய் டப்பாவிலேயே திருப்பி ஊற்றுவதும், மீந்த எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றி மறுபடி பொரிப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. சிதைந்த பழைய எண்ணெய் புது எண்ணெயையும் வேகமாகச் சிதைக்கும். பொரிக்கும் எண்ணெய் சிதையும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் என்ற பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுப்பது, விரலில் பிசுபிசுப்பது, பொரிக்கும்போது நுரை அடங்காதது, அடுப்பில் வைத்தவுடன் புகைவது ஆகியவைதான் நமக்கு அடையாளம். ஒருமுறை பொரித்ததை ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 2 நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். திரும்பப் பொரிக்க வேண்டாம்.

பால், மீன், மாவு மூன்றிலும் மேலே ஊற்றுகிற பழக்கம் உடனே தண்டனை கொடுக்கும். நேற்றைய பாலில் கிருமிகள் பெருகிப் புளிப்பு ஏறத் தொடங்கியிருக்கும். காலையில் வந்த ஆவின் பாக்கெட்டை அதில் ஊற்றிக் காய்ச்சினால் இரண்டும் சேர்ந்து திரியும். சந்தேகமாக இருந்தால் பழைய பாலில் 2 கரண்டி தனியே கொதிக்கவைத்துப் பாருங்கள். திரியாவிட்டால் காபிக்கு முதலில் அது. இட்லி மாவில், மார்கழிக் குளிரில் புது மாவு பொங்கப் பழைய மாவு 2 கரண்டி சேர்ப்பதில் தவறில்லை. அரைப் பாத்திரம் பழைய மாவைக் கலந்தால் புதுசும் ஒரே நாளில் புளித்துவிடும். காசிமேட்டில் வாங்கும் மீனில் சூரையும் கானாங்கெளுத்தியும் தனி ஜாக்கிரதை கேட்பவை. ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு நேரம் குழம்பில் கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். அதனால் "நேற்று மீனைத் தீர்த்துவிட்டு இன்றைய மீன்" என்ற பேச்சுக்கே இந்த இரண்டிலும் இடம் தரக் கூடாது. அன்றைக்கு ஆகாததை வாங்கிய உடனே சுத்தம் செய்து உறையவைக்க வேண்டும், உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று சேர்த்து வைக்கும் கருவாட்டை, மழை பிடிப்பதற்குள் தீர்த்துவிடுவது நல்லது. மேலே இளஞ்சிவப்பாக வழவழப்பான படலம் கட்டினால் உப்பிலேயே வளரும் கிருமி வந்துவிட்டது, கழுவிச் சமைக்க வேண்டாம்.

தண்ணீரை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. வடசென்னையில் சேர்த்தே ஆக வேண்டும். லாரித் தண்ணீர் வந்ததும் டிரம்மில் பாதி இருக்கும் பழைய தண்ணீரின் மேலேயே நிரப்புகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் முட்டை ஒட்டும். அந்த முட்டை காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் மேலேறி நனைத்ததும் பொரியும். பிறகு கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். மூடி வைத்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் அலசிவிட்டு நிரப்பினால் முட்டை அப்படியே இருக்கும். இங்கே பழசை மொத்தமாகத் தீர்ப்பது கட்டாயம். மீதித் தண்ணீர் துணி துவைக்க, தரை கழுவப் போகட்டும்.

பாத்ரூம் சாமான்களில் மாமியார் பழக்கத்தைத் தாராளமாகப் பின்பற்றலாம். குளியல் சோப்பு வருஷம் கடந்தால் வாசனை குறையும், இறுகும், கரைவது மெதுவாகும்; தேய்ந்த சோப்புச் சில்லைப் புது சோப்பின் முதுகில் ஈரமாக வைத்து அழுத்தி ஓர் இரவு விட்டால் ஒட்டிக்கொள்ளும். கட்டிதட்டிய சோப்புத்தூள், பேஸ்ட்டின் கடைசி அழுத்தல் எல்லாம் தீர்க்க வேண்டியவையே. ஷாம்பு, ஹேண்ட்வாஷ் பாட்டிலில் மட்டும் கவனம். அடியில் ஒட்டியதை எடுக்கத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தண்ணீர் சேர்ந்ததும் உள்ளே இருக்கும் பதப்பொருள் நீர்த்துவிடும், கிருமி வளரும். அந்த மீதியின் மேல் ரீஃபில் பாக்கெட்டை ஊற்றினால் புதுசும் கெடும். கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். முகத்துக்குப் போடும் கிரீம்களின் லேபிளில் மூடி திறந்த டப்பா படம் போட்டு அதில் 6 அல்லது 12 என்று எண் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம் என்று அர்த்தம். கண் மையைத் திறந்து மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கண்வலி வந்த சமயத்தில் உபயோகித்ததை மறுபடி தொடவே கூடாது.

மருந்துப் பெட்டியில் 'தீர்த்துவிடலாம்' என்ற எண்ணத்துக்கே இடமில்லை. கண் சொட்டு மருந்தைப் பொதுவாகத் திறந்து 4 வாரத்தில் எறிய வேண்டும், எக்ஸ்பைரி அடுத்த வருஷம் என்று போட்டிருந்தாலும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் 7 நாள். சில மருந்துகளுக்குக் கூடுதல், லேபிளில் இருக்கும். கலந்த ஓ.ஆர்.எஸ் 24 மணி நேரம். மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதும், வீணாகக் கூடாதே என்று போடுவதும் தவறு. டாக்டர் சொன்ன நாள் முழுவதும் போட்டிருந்தால் அது மீந்திருக்கவே கூடாது. மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி மாதமும் வருஷமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை செல்லும். அட்டையைக் கத்தரிக்கும்போது தேதி அச்சான முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து கத்தரியுங்கள். தேதி போன துண்டுகள்தான் வீட்டுப் பெட்டியில் பெரிய தலைவலி.

உயிருக்கே ஆபத்தான இரண்டு 'தீர்த்தல்'களைச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலின் அடியில் மிஞ்சிய டாய்லெட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுத் தேய்த்தால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் கழிவறையில் அது மூச்சையே நிறுத்தலாம். ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு முழுதாகக் கழுவி, வேறொரு நாள் மற்றது. இன்னொன்று கேஸ். தீரப் போகும் சிலிண்டரைப் படுக்கவைத்தோ, வெந்நீரில் நிறுத்தியோ கடைசிக் கேஸை எடுப்பது வேண்டவே வேண்டாம். படுக்கவைத்தால் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் போய்த் தீ சீறும். இன்னும் 2 வேளைச் சமையல் வரும் என்பதற்காகச் செய்கிற காரியமா அது! கூடவே சின்னதாக ஒன்று: ரிமோட், டார்ச்சில் பழைய பேட்டரியோடு புதுசைச் சேர்த்துப் போட்டால் பழசு கசிந்து கருவியைக் கெடுக்கும். போட்டால் ஜோடியாகப் போடுங்கள்.

இனி வாங்குவதற்கு வருவோம். உங்கள் கணவரிடம்தான் இதில் பாதி வேலை இருக்கிறது. எவ்வளவு தீர்கிறது என்று தெரியாமல் வாங்கினால் எந்த ஒழுங்கும் நிற்காது. 1 மாதம் மட்டும் கணக்கு எழுதுங்கள். துவரம்பருப்பு நாளைக்கு 100 கிராம் என்றால் மாதம் 3 கிலோ. ரேஷனில் 1 கிலோ வருகிறது, வெளியே வாங்க வேண்டியது 2 கிலோ. கொத்தவால்சாவடிப் பக்கம் மொத்த விலையில் 10 கிலோ வாங்கினால் 5 மாதம் ஓடும். கிலோவுக்கு மிச்சமாகும் சில ரூபாயை, மழைக்காலமாக இருந்தால், வண்டும் பூசணமும் தின்றுவிடும். ஒவ்வொரு பொருளிலும் உபயோகத்தில் ஒன்று, மூடியபடி ஒன்று, இதற்கு மேல் வேண்டாம். மூடியதைப் பிரிக்கிற அன்றுதான் அடுத்த மாத லிஸ்டில் அது ஏற வேண்டும். டப்பா 1 கிலோ பாக்கெட் முழுதாகக் கொள்ளும் அளவில் இருக்கட்டும். முக்கால் கிலோ டப்பாவாக இருந்தால் கால் கிலோ பாக்கெட்டில் ரப்பர் பேண்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அரைகுறை பாக்கெட்டுகள் பிறப்பது அங்கேதான். பரணில் புதுசைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் வையுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை அல்லது செங்கல் மேல் வையுங்கள். தாழ்வான தெருவாக இருந்தால் அதுவும் போதாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் தரையில் இருந்தது எல்லாமே நனைந்தது. வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசி, பருப்பு, மாத்திரை எதையும் காயவைத்துத் தீர்க்கக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீர் அது. தொழிற்சாலையில் சீல் வைத்து இன்னும் பிரிக்காத, நசுங்காத உலோக டின் மட்டும் வெளியே நன்றாகக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தால் தப்பும்.

இப்போது குவிந்திருப்பதை ஒரே நாளில் எடுத்துப் போட்டு உட்காராதீர்கள், மாமியாருக்குத் தன் சமையலறையைச் சோதனை போடுகிற மாதிரி இருக்கும். ஒரு ஞாயிறு தூள் வகைகள், அடுத்த ஞாயிறு பருப்பு, அடுத்தது பாத்ரூம் என்று போங்கள். மருந்துப் பெட்டியை மட்டும் இன்றைக்கே பாருங்கள். அவரிடம் பேசும்போது, "அத்தை, நீங்க சொல்றதுதான் சரி, பழசு முதல்ல தீரணும். மேல கொட்டுறதால அடியில இருக்கிறது தீரவே மாட்டேங்குது, பாருங்க" என்று டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுங்கள். அடியில் கிடக்கும் தூள் மற்றதைவிட வெளிறி, கட்டியாக இருக்கும். சொல்லிப் புரியவைப்பதைவிட அது வேகமாகப் புரியவைக்கும். தேதி எழுதும் பேனாவை அவர் கையிலேயே கொடுங்கள். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வது அவராகவே இருக்கட்டும். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு மாற்றம்: மேலே கொட்டுவதை நிறுத்துவது, பூசணமும் மருந்தும் இந்த விதிக்குள் வராது என்று ஒப்புக்கொள்வது. கெட்டதை வெளியே எறியச் சம்மதிக்காமல் அவர் "கோழிக்காவது போடலாமே" என்பார். வண்டு விழுந்த அரிசியைத் தாராளமாகப் போடலாம். பூசணம் பிடித்த தானியத்தையும் கடலையையும் போடக் கூடாது, அந்த நஞ்சு கோழியையும் பாதிக்கும், முட்டை வழியாகத் திரும்பி உங்கள் தட்டுக்கே வரவும் கூடும்.